பதினோரு பேர் படிக்கிற வலைப்பூ

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஐந்து மாதமாக ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். எல்லாம் வீட்டு எலுமிச்சைச் செடியைப் பற்றியும் அதைத் தேடி வரும் பூச்சிகளைப் பற்றியும்தான். வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டது, பறவை எச்சம் போல இருந்த புழுக்கள் ஒருநாள் தோலுரித்துப் பச்சையானது, தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விட்டது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதும்போது அவ்வளவு சந்தோஷம். ஆனால் படிப்பவர்கள் பத்துப் பதினோரு பேர். என்னுடையது கைபேசிப் படம். மற்றவர்கள் பெரிய லென்ஸ் வைத்து எடுப்பதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. நான் உயிரியல் படித்தவளும் இல்லை. “நோட்டில் எழுதி வைத்தால் போதாதா? ஊருக்கெல்லாம் எதற்குக் காட்ட வேண்டும்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. நடக்கப் போகும் வழியில் ஒரு மரப்பொந்தில் ஆந்தைக் குஞ்சுகளைப் பார்த்தேன். இடத்தைச் சொல்லி எழுதலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன். வலைப்பூவை முதல் பதிவிலிருந்து படித்து முடித்தேன். இப்போது பன்னிரண்டு பேர்.

வீட்டில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதை நான் பல வருடம் எனக்கே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் நோட்டுகளும் உண்டு, ஒரு அலமாரி நிறைய. அவற்றில் ஒன்றில் ‘சுவரில் கறுப்பு எறும்பு, தனியாக, விட்டுவிட்டு ஓடுகிறது’ என்று ஒரு வரி இருக்கிறது. நோட்டுக்கு அது போதும். நோட்டு நம்மை எதிர்க்கேள்வி கேட்காது. பிறகு அந்த எறும்பின் படத்தை நான்கு வரிக் குறிப்போடு இணையத்தில் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் ஒரே வரி எழுதினார்: “கால்களை எண்ணிப் பாருங்கள்.”

எண்ணினேன். எட்டு. அது எறும்பே இல்லை, சிலந்தி! முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு, எறும்பின் நடையையே நடந்து காட்டி என்னை ஏமாற்றியிருக்கிறது. எறும்பு வேஷம் போடும் சிலந்திகளில் நிறைய இனங்கள் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அன்று கொஞ்சம் அவமானமாக இருந்ததையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த எறும்பைப் பார்த்தாலும் கால்களை எண்ணாமல் விடுவதில்லை. யாரோ படிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு வந்தவுடன் ‘கறுப்பு’ என்று எழுதக் கை தயங்குகிறது. கறுப்பா, கரும்பழுப்பா என்று எழுந்து போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிறேன். எனக்கு இதில் பெரிய சந்தோஷம் அந்த இரண்டாவது பார்வைதான். அதற்குப் பதினோரு பேர் தாராளம், ஒருவர் இருந்தாலும் போதும்.

இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்தில் கில்பர்ட் வைட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். தோட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் பார்த்ததைத் தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இருவருக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் 1789-ல் நூலாகி இன்றுவரை படிக்கப்படுகின்றன. ஆனால் எழுதும்போது அவருக்கு எதிரில் இருந்தவர்கள் இரண்டே பேர். உங்களைவிட ஒன்பது பேர் குறைவு.

லென்ஸ் பற்றிச் சொன்னீர்களே, அதற்கும் அவர்தான் பதில். பார்க்க ஒரே மாதிரி இருந்த கதிர்க்குருவிகளை, குரல் வேறாக இருக்கிறது என்பதை வைத்து மூன்று இனங்கள் என்று பிரித்துச் சொன்னவர் அவர். காதுதான் கருவி. அதே மனிதர் தைலான் குருவிகள் குளிர்காலத்தில் வலசை போகாமல் எங்கோ ஒளிந்து உறங்குகின்றனவோ என்ற சந்தேகத்தைக் கடைசிவரை விடவில்லை. அது தவறு. டிமோதி என்ற ஆண் பெயரோடு வருடக்கணக்காக அவர் கவனித்துவந்த ஆமையும் பெண் ஆமை என்று பின்னால்தான் தெரிந்தது. இதனாலெல்லாம் அவர் குறிப்புகளின் மதிப்பு குறைந்துவிடவில்லை. கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதியிருந்தார், அவ்வளவுதான். நீங்களும் ‘இதுவாக இருக்கலாம்’ என்று எழுதலாம். உயிரியல் பட்டம் யாரும் கேட்கப்போவதில்லை.

ஒரே ஒரு குறை சொல்கிறேன். பாதிப் பதிவுகளில் ‘நேற்று’, ‘போன வாரம்’ என்று இருக்கிறது. தேதி போடுங்கள். ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-ல் முதல் இலை விட்ட நாள், முதல் குயில் கூவிய நாள் என்று குறிக்கத் தொடங்கினார். கடைசிக் காலத்தில் வைட்டுக்கு அவர் கடித நண்பரும்கூட. அவருக்குப் பிறகு அந்தக் குடும்பமே தலைமுறை தலைமுறையாக 1958 வரை அதைத் தொடர்ந்தது. வசந்தம் எவ்வளவு முன்கூட்டி வருகிறது என்று ஆராய்பவர்கள் இன்று அந்தத் தேதிகளைத்தான் புரட்டுகிறார்கள். அவர் குறித்தபோது அப்படி ஒரு ஆராய்ச்சியே கிடையாது.

சரி, ஆந்தைக்கு வருவோம். இடம் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் பறந்து போகும்வரை படமும் வேண்டாம் என்பேன். பொந்துக்குக் கீழே நாலு பேர் நின்றால் தாய்ப்பறவை இரையோடு எங்கோ காத்திருக்கும். வருகிற நாலு பேரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. 1999-ல் தென்சீனாவில் ஒரு பல்லியினத்தைப் புதிதாகக் கண்டு அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். கோனியூரோசாரஸ் லூயி என்று பெயர். அழகான பல்லி, உடனே வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் தேடிப் போய்விட்டார்கள். சில வருடங்களிலேயே, முதலில் கண்டெடுத்த அந்த இடத்தில் அது அற்றுப்போனதாக ஆய்வாளர்களே வருத்தத்தோடு எழுத வேண்டியதாயிற்று. பார்த்த உயிரினங்களை யார் வேண்டுமானாலும் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் அழியும் நிலையில் உள்ள உயிரினத்தைப் பதிந்தால் சரியான இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுவது இதனால்தான். கைபேசிப் படத்துக்குள்ளும் எடுத்த இடம் பதிந்திருக்கக்கூடும். நீங்கள் எழுத்தில் மறைத்தாலும் படம் சொல்லிவிடும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு, பழைய படங்களிலிருந்தும் அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். ‘ஒரு பழைய மரத்தில்’ என்று எழுதினால் எந்த வாசகருக்கும் குறைவில்லை. குஞ்சுகள் என்ன செய்தன என்பதுதானே கதை.

கடைசியாக ஒரு புகார். ஆறு புழுக்கள் பச்சையாகிவிட்டன என்று எழுதினீர்கள். அடுத்த பதிவில் மழை வந்துவிட்டது, அதற்கடுத்ததில் ஏதோ குளவி. ஆறில் எத்தனை கூட்டுப்புழுவாயின? அந்தக் குளவிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மூன்று நாளாக உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.