சாம்பியாவில் ஆட்சி ஏன் இப்படி? புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

லுசாக்காவுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன என்றும், நாளில் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமலேயே கழிகிறது என்றும், ஒரே ஓர் அனுமதித் தாளுக்காக மூன்று முறை அலைந்தீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இவ்வளவு செம்பு இருக்கும் நாட்டில், விடுதலை பெற்று அறுபது ஆண்டுகள் ஆன பின்னும் ஆட்சி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நம்மவர்கள் பலர் "இவங்க இப்படித்தான்" என்று சொல்கிறார்களே, அது சரியா என்பதும் உங்கள் கேள்வி. நான் 1985-இல் கிட்வே நகரின் அரசுப் பள்ளி ஒன்றுக்குக் கணித ஆசிரியராக வந்தவன். வந்த புதிதில் இதே கேள்வி எனக்கும் இருந்தது; அந்தப் பதிலையும் சில காலம் நம்பினேன். அது தவறு என்று புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்நாட்டின் மின்சாரத்தில் மிகப்பெரும் பங்கு நீரிலிருந்து வருகிறது. சாம்பெசி ஆற்றின் குறுக்கே நிற்கும் கரிபா அணை அதில் முக்கியமானது. வடக்கு ரொடீசியா (இன்றைய சாம்பியா), தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), நியாசலாந்து (இன்றைய மலாவி) ஆகிய மூன்றையும் பிரிட்டன் 1953-இல் ஒரே கூட்டமைப்பாக இணைத்து, தலைநகரைத் தெற்கே சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரே) வைத்த பிறகு எடுக்கப்பட்ட முடிவு அது. செம்புச் சுரங்கங்கள் இருந்தது வடக்கில். அணையின் முதல் மின்நிலையம் கட்டப்பட்டது தென்கரையில். நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 57,000 டோங்கா மக்கள் ஆற்றங்கரை வயல்களையும் முன்னோர் புதைந்த இடங்களையும் விட்டு மேட்டு நிலங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களுடைய ஊர்களுக்கு மேலேயே உயர் அழுத்தக் கம்பிகள் போயின. கீழே பல தலைமுறைகளாக மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. 1964-இல் சாம்பியா விடுதலை பெற்றது. மறு ஆண்டே தெற்கு ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, சாம்பியாவின் சுரங்கங்களை இயக்கும் மின்சாரத்தின் விசை பகை அரசின் கையில் இருந்தது. வடகரை மின்நிலையம் 1970-களின் பிற்பகுதியில்தான் இயங்கத் தொடங்கியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்த அரசு எதற்காக அமைக்கப்பட்டது என்பதை அந்த ஓர் அணை காட்டிவிடுகிறது. பொருளை வெளியே கொண்டுபோவதற்கும், அதற்குத் தேவையான ஆட்களைச் சேர்ப்பதற்கும், எதிர்த்தால் அடக்குவதற்கும் அமைந்த அரசு அது. 1924 வரை இந்த நிலப்பரப்பை ஆண்டதே பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி என்ற வணிக நிறுவனம்தான். குடிசை வரி போட்டார்கள். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். பணம் வேண்டுமானால் சுரங்கத்துக்குப் போயாக வேண்டும். ஆட்சிப் பொறுப்பை லண்டன் அரசு எடுத்துக்கொண்ட பிறகும் கனிம உரிமை கம்பெனியிடமே இருந்தது. விடுதலைக்கு முந்தைய நாள்வரை, எடுக்கும் கனிமத்துக்கான உரிமத்தொகை (ராயல்டி) அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது; கடைசியில் அந்த உரிமையைக் கைவிடுவதற்கும் நாற்பது லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுக்கப்பட்டது, அதில் பாதி புதிய நாட்டின் தலையில் விழுந்தது.

"நம்மையும் வெள்ளைக்காரன்தானே ஆண்டான்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். சாம்பியப் பல்கலைக்கழகம் திறந்தது 1966-இல், அதாவது விடுதலைக்குப் பின்பு. ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கென லுசாக்காவில் முனாலி உயர்நிலைப் பள்ளி 1939-இல் வந்தது; நீண்ட காலம் அதற்கு இணையாக இன்னொன்று இல்லை. கொடி ஏற்றிய நாளில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ நூறு ஆப்பிரிக்கப் பட்டதாரிகள் இருந்தார்கள். ஓர் அமைச்சரவை, நீதித்துறை, மருத்துவமனைகள், ரயில்வே, சுரங்கத்துறை எல்லாவற்றுக்கும் நூறு பேர்! 1947-இல் நம்மிடம் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் கணக்காயர்களும் பல தலைமுறைகளாக இருந்தார்கள். மாகாணங்களில் தேர்தல் நடத்தி அமைச்சரவை அமைத்த பழக்கமும் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. இங்கே அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தியாவிலிருந்து எங்களைப் போன்ற ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் அழைத்தார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளையர்மீது போட்டுவிட்டு நகர்வது நேர்மையாகாது. புதிய ஆட்சியாளர்கள் பழைய கட்டடத்தில் குடியேறினார்கள். சுவர்களை அவர்கள் இடிக்கவில்லை. 1964 ஜூலையில், லும்பா திருச்சபை என்ற உள்நாட்டுக் கிறித்தவ இயக்கத்துக்கும் அரசுக்கும் மோதல் வந்தபோது பிரிட்டிஷ் ஆளுநர் அறிவித்த நெருக்கடி நிலை, விடுதலைக்குப் பிறகும் நீக்கப்படாமல் 1991 வரை நீடித்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க உதவிய அந்த அதிகாரத்தை முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா இருபத்தேழு ஆண்டுகள் வைத்துக்கொண்டார். சிறுவயதுத் தோழரும் போராட்டத் துணைவருமான சைமன் கப்வெப்வே தனிக்கட்சி தொடங்கியதும், 1972-இல் அக்கட்சி தடை செய்யப்பட்டது. அவரும் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு ஒருகட்சி ஆட்சிக்குப் போனது. செம்புச் சுரங்கங்களில் 51 சதவீதத்தை 1969-இல் அரசு எடுத்துக்கொண்டபோது மக்கள் மகிழ்ந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அரசு நிறுவனங்கள் அனைத்தையும் தன்னுள் வைத்திருந்த ஒரே பெருநிறுவனத்தின் தலைவராகக் குடியரசுத் தலைவரே அமர்ந்ததும், வேலை, பதவி, கடன், உரிமம் எல்லாம் ஒரே வாசல் வழியாக வரத் தொடங்கின. அந்த வாசலில் நிற்பவனைக் கணக்குக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

என் கருத்தில் நோயின் வேர் இங்குதான் இருக்கிறது. ஏற்றுமதி வருவாயில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் செம்பிலிருந்து வந்தது. குடிமக்களின் வரியை நம்பி நடக்கும் அரசு, குடிமக்களின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். சுரங்கத்தையும் வெளிக்கடனையும் நம்பி நடக்கும் அரசு லண்டன் உலோகச் சந்தையின் விலையையும் கடன்காரரின் முகத்தையும் பார்க்கிறது. 1975-இல் செம்பின் விலை சரிந்தபோது சாம்பியா கடன் வாங்கி ஈடுகட்டியது. விலை மீளும் என்று நம்பினார்கள், அது ஆண்டுக்கணக்கில் மீளவில்லை.

அதன் விளைவை நான் கிட்வேயில் கண்ணால் பார்த்தேன். 1986 டிசம்பரில், பன்னாட்டு நிதியம் சொன்னபடி மானியம் குறைக்கப்பட்டது. மக்காச்சோள மாவில் இரு வகை உண்டு: 'பிரேக்பாஸ்ட்' என்னும் நயமான மாவு, 'ரோலர்' என்னும் முரட்டு மாவு. நயமான மாவின் விலை இரட்டிப்புக்கும் மேல் உயர்ந்தது. முரட்டு மாவின் விலை உயராது என்றார்கள். ஆனால் மானியப் பணம் கைக்கு வருமா என்று சந்தேகித்த ஆலைக்காரர்கள் அதை அரைப்பதையே நிறுத்திவிட்டார்கள். நிஷிமா என்னும் மக்காச்சோளக் களி கிண்டாத வீட்டில் சாப்பாடு நடந்ததாகவே இங்கு யாரும் கருதமாட்டார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. என் வகுப்பில் படித்த ஒரு பையன், கிழிந்த மாவு மூட்டையிலிருந்து சாலையில் கொட்டியிருந்ததைச் சட்டையைக் கழற்றி அள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

1991-இல் பலகட்சித் தேர்தல் வந்தது, கவுண்டா தோற்றார், தோல்வியை ஏற்று அமைதியாக வெளியேறினார். தென்னாப்பிரிக்கா, ரொடீசியா, நமீபியா விடுதலை இயக்கங்களுக்கு இடம் கொடுத்து, அதற்காக எல்லை அடைப்பையும் குண்டுவீச்சையும் தாங்கிய நாட்டின் தலைவர் அவர். அவருடைய குறைகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடுத்து வந்த பிரெடெரிக் சிலுபா காலத்தில் சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. அரசுக்குரிய உரிமத்தொகை வெறும் 0.6 சதவீதம் என ஒப்பந்தம் போட்டார்கள். சில ஆண்டுகளில் செம்பின் விலை எகிறியபோது நாட்டுக்கு அதில் கிடைத்தது சொற்பம். சிலுபாவும் கூட்டாளிகளும் அரசுப் பணத்தில் ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள் என்று லண்டன் நீதிமன்றம் ஓர் உரிமையியல் வழக்கில் 2007-இல் தீர்ப்பளித்தது. லுசாக்காவில் நடந்த குற்ற வழக்கிலோ 2009-இல் அவர் விடுதலையானார். இதற்கிடையே 2005-06-இல் நாட்டின் பழைய கடனில் பெரும்பகுதி தள்ளுபடியாகியிருந்தது. 2012 முதல் 2015 வரை 300 கோடி டாலர் கடன்பத்திரங்களைப் புதிதாக விற்றார்கள். 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் நின்றார்கள்.

ஊழல் எப்படிக் கீழே இறங்குகிறது என்பதற்கு ஒரு நண்பரைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் விலைவாசி ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல் ஏறியது. என்னுடன் கணிதம் கற்பித்த சாம்பிய ஆசிரியர் மாதச் சம்பளம் வாங்கிய அன்றே சைக்கிளில் போய் மாவு மூட்டை வாங்கிக் கட்டிவிடுவார். ஒரு வாரம் தாமதித்தால் அதே பணத்துக்கு மூட்டை கிடைக்காது. அவர் மனைவி எண்ணெயில் பொரித்த வித்தும்புவா உருண்டைகளை விற்றார். அவரும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து இடைவேளையில் மாணவர்களுக்கு விற்றார். அவர் கடைசிவரை யாரிடமும் கை நீட்டவில்லை. ஆனால் அவரைப் போன்ற நிலையில், கையில் முத்திரையோடு ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளம் வயிற்றுக்குப் போதாத காலத்தில் 'நிச்செகெலேகோ' என்ற சொல் பரவியது. 'எனக்கும் கொஞ்சம் நறுக்கிக் கொடு' என்று பொருள். பின்னர் சம்பளம் சற்று உயர்ந்தபோதும் அந்தச் சொல் போகவில்லை. வயலில் உழைப்பவன் வயலிலேயே உண்பான் என்று பெம்பா மொழியில் ஒரு பழமொழி உண்டு. லஞ்சத்துக்கு நியாயம் கற்பிக்க அதைத்தான் எடுப்பார்கள். தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சொல்வதும் இதுவேதான். ஆகவே "இவங்க இப்படித்தான்" என்பவரிடம் நம் பழமொழியை நினைவூட்டுங்கள்.

வேறு வழியே இருந்திருக்காதா என்றால், கசுங்குலா பாலத்தைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் போய்ப் பாருங்கள். 1966-இல் விடுதலை பெற்றபோது அவர்களிடம் இருந்த பட்டதாரிகள் இங்கிருந்ததைவிடக் குறைவு. வைரம் அதன் பிறகே கண்டுபிடிக்கப்பட்டது. முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா தன் சொந்தக் குடியின் மண்ணில் கிடைத்த வைரத்தையும் நாட்டுப் பொதுச் சொத்தாக்கினார். சுரங்க நிறுவனத்துடன் உறுதியாகப் பேரம் பேசிப் பாதிப் பங்கு பெற்றார். தலைவனை ஊர் கூடிக் கேள்வி கேட்கும் 'கொட்லா' மரபு அங்கே அழிந்திருக்கவில்லை. அங்கும் குறைகள் உண்டு. என்றாலும் காலனி விட்டுச்சென்ற சுமை அத்தனையையும் தலையெழுத்தாக ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த நாடு போதும்.

உங்கள் அனுமதித் தாள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கொடுக்காதீர்கள். எல்லா ஆவணங்களின் நகலையும் வைத்து, ஒப்புகைச் சீட்டுக் கேட்டு, அதே மேசைக்குப் பொறுமையாக நான்காவது முறையும் போங்கள். இங்கு நம்மை 'முவென்யே' என்பார்கள். கையில் பணத்தோடு வந்து வேலையை முடித்துக்கொண்டு போகிறவர்கள் என்ற பெயரை நம்மவர்களில் சிலர் சம்பாதித்து வைத்திருப்பதால், உங்களிடம் கூடுதலாகவே எதிர்பார்ப்பார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆண்டறிக்கையை வாங்கிப் படியுங்கள். எந்தத் துறையில் எவ்வளவு பணம் கணக்கின்றிப் போனது என்று இந்நாட்டவரே எழுதி, செய்தித்தாளில் விவாதிக்கிறார்கள். 2021 ஆகஸ்டு 12 அன்று விடியும் முன்பே என் தெருவில் வாக்குச்சாவடி வரிசை வளைந்து நின்றது. பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள், சிலர் சிதெங்கே என்னும் துணியில் குழந்தையை முதுகில் கட்டியிருந்தார்கள். ஆட்சியிலிருந்தவர் தோற்றார், ஒப்படைத்துவிட்டுப் போனார். 1991, 2011, 2021 என மூன்று முறை வாக்குச்சீட்டால் ஆளுங்கட்சியை இறக்கிய மக்கள் இவர்கள்.

முடிந்தால் ஒரு நீண்ட வார விடுமுறையில் கரிபா அணையை ஒட்டிய சியாவோங்காவுக்குப் பேருந்து ஏறுங்கள். அணையைப் பார்ப்பதற்கு முன்பு, வழியில் இறங்கி, மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கும் டோங்கா ஊர் ஒன்றில் முதியவர் யாரையாவது கண்டு, ஆறு எங்கே ஓடியது என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டுவார்.