பெரிய வெள்ளிக்கு வாழ்த்து வேண்டாம், ஈஸ்டருக்குச் சொல்லுங்கள்

கேள்வி: கிறிஸ்தவ நண்பருக்கு குட் ஃப்ரைடே வாழ்த்து அனுப்பலாமா? அனுப்பாவிட்டால் தவறாக நினைப்பாரா?

அனுப்ப வேண்டாம். ஒன்றும் நினைக்க மாட்டார். குட் ஃப்ரைடே என்கிற பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் இறந்த நாள்; அதை அடுத்த ஞாயிறு, அவர் உயிர்த்தெழுந்த ஈஸ்டர். அலுவலக வாட்ஸாப் குழுவில் யாராவது பூப்படம் போட்டிருப்பார்கள், நாம் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். அப்படித்தானே?

நான் நெல்லைப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். வங்கியில் வேலை. 2024-ல் பெரிய வெள்ளி மார்ச் 29 அன்று வந்தது. மதியம் 12 மணி முதல் 3 மணி வரை கோவிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இருப்போம். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிக்கும் ஆராதனை அது. பலரும் அன்று உபவாசம். வெளியே வந்து போனை எடுத்தால் ரோஜாப்பூ, பலூன், ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’. கீழே ஒருவர், “கேக் எப்போ சார்?”

“இன்று அவர் இறந்த நாள், ஞாயிற்றுக்கிழமை வாழ்த்துங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்” என்று பணிவாகத்தான் எழுதினேன். உடனே மூத்த அதிகாரி ஒருவர், “வாழ்த்து சொன்னாலும் குத்தமா?” என்று கேட்டார். அதன்பின் குழுவில் யாரும் பேசவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போனால் “போயிட்டு வாரேன்” என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிறவர்கள் நாம். இது யாரும் கற்றுத்தராமலே நமக்குத் தெரியும். அந்த நாகரிகத்தைத்தான் கேட்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. பங்குனி உத்திரமும் சரி, ஈஸ்டரும் சரி, பௌர்ணமியை ஒட்டி வருபவை. அதனால் பல வருடங்களில் சாஸ்தா கோவில் கூட்டமும் எங்கள் பெரிய வெள்ளியும் அடுத்தடுத்து வரும். மதியம் ஆராதனை நேரத்தில் சாஸ்தா கோவில்காரர்களே ரேடியோ செட்டை நிறுத்திவிடுவார்கள். யாரும் போய்க் கேட்டதில்லை. உத்திரத்துக்குக் கூட்டம் வரும்போது எங்கள் ஆட்களும் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள்.

“எங்கள் சபையில் அன்று வாழ்த்து சொல்லிக்கொள்வோமே” என்று சிலர் இங்கே வரலாம். சரி, உங்கள் வழக்கம். அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், யாரையும் பழிக்கவில்லை. முஹர்ரமுக்கு வாழ்த்து போஸ்டர் ஒட்டும் கட்சிக்காரர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முஹர்ரம் பத்தாம் நாள், கி.பி. 680-ல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரன் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அதே 2024-ல் ஈஸ்டர், மார்ச் 31. நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால், அரசுக் கணக்கு பார்க்கும் வங்கிக் கிளைகள் ஞாயிறாக இருந்தும் திறந்திருந்தன. கொஞ்சம் தாமதமாக வருகிறேன் என்று கேட்டதற்கு, “ஈஸ்டர் என்ன தீபாவளியா?” என்று பதில் வந்தது. எனக்காகக் காலையிலேயே வந்து உட்கார்ந்தது, ரமலான் நோன்பில் இருந்த சக ஊழியர். “நீங்க குடும்பத்தோட கோவிலுக்குப் போயிட்டு நிதானமா வாங்க அண்ணே” என்றார்.

உங்கள் நண்பருக்கு ஞாயிறன்று ‘ஈஸ்டர் வாழ்த்துகள்’ என்று அனுப்புங்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். வெள்ளிக்கிழமை ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும் என்றால், “ஆராதனை முடிஞ்சுதா, ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள், போதும்.