ஒரே வைரஸ், ஒரே வீடு, வேறு வேறு காய்ச்சல்: கேள்வி பதில்

மரபணுவும் வைரஸ் நோயும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஆய்வகத்து ஆள். மருந்துச் சீட்டு எழுதுகிறவன் அல்ல. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

ஐயா, எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் கோவிட் வந்தது. அண்ணனுக்கு மட்டும் ஆக்ஸிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வயது 29, வேறு நோயும் இல்லை. ஒரு தாய் பிள்ளைகள்தானே நாங்கள்?

ஒரு தாய் பிள்ளைகள்தான். ஆனாலும் மரபணு வேறுபாடுகளில் உடன்பிறந்தவர்களுக்குள் பொதுவாக இருப்பது சராசரியாகப் பாதி மட்டுமே. மீதிப் பாதியில் எத்தனையோ நடக்கலாம்.

கோவிட்டின் கடுமையைத் தீர்மானிப்பதில் முதலிடம் வயதுக்கு. அதன் பிறகே உடல் எடை, சர்க்கரை நோய், ஆணா பெண்ணா என்பதெல்லாம். உங்கள் அண்ணனைப் போல இவை எதுவும் பொருந்தாதவர் விழும்போதுதான் நாங்கள் மரபணுவைத் தேடிப் போகிறோம்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து தன்னைப் பிரதி எடுக்கத் தொடங்குகிறது. டிஎல்ஆர்3, டிஎல்ஆர்7 போன்ற உணரிப் புரதங்கள் வைரஸின் மரபுப் பொருளான அந்த அந்நிய ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கின்றன. உடனே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து பக்கத்துச் செல்களை எட்டுகிறது. அங்கே நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இது சில மணி நேரத்தில் நடந்தாக வேண்டும். தாமதித்தால் வைரஸ் முந்திக்கொள்ளும். பின்னால் பெரும்படையாக வந்து சேரும் அழற்சி நுரையீரலையே புண்ணாக்கிவிடும்.

2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், இரண்டு ஜோடிச் சகோதரர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். மூத்தவருக்கே 32 வயதுதான். ஒருவர் இறந்துவிட்டார். நால்வரிடமும் டிஎல்ஆர்7 மரபணு பழுதாகியிருந்தது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் மாற்றுப் பிரதி கிடையாது. உங்கள் அண்ணனுக்கும் இதே கதையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மிக அரிதான பழுது இது.

இன்னொன்றும் உண்டு. தன் இன்டர்ஃபெரானையே தாக்கும் எதிர்ப்பொருளைச் சிலருடைய உடல் தயாரித்து வைத்திருக்கிறது. உயிருக்குப் போராடிய கோவிட் நோயாளிகளில் குறைந்தது பத்தில் ஒருவரிடம் அது இருந்ததாக 2020இல் தெரியவந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த மரபணுதான் கோவிட்டைக் கடுமையாக்குகிறது என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. மூன்றாம் குரோமோசோமில் சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. அது அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தாலிடமிருந்து வந்ததென்று ஹ்யூகோ செபெர்க், ஸ்வாந்தே பாபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2020இல் காட்டினார்கள். தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது. ஐரோப்பியரில் 16 சதவீதம். ஆப்பிரிக்காவில் அனேகமாக இல்லவே இல்லை.

பாதிப் பேரிடம் இருக்கிறது என்றதும் பயந்துவிடாதீர்கள். இதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் காய்ச்சலோடு எழுந்து நடந்தவர்கள்தான். பன்னிரண்டாம் குரோமோசோமில் உள்ள வேறொரு நியாண்டர்தால் துண்டு, கடும் கோவிட்டிலிருந்து ஓரளவு காக்கவும் செய்கிறது. இதைவிட வேடிக்கை, அந்த மூன்றாம் குரோமோசோம் துண்டைச் சுமப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சற்றுக் குறைவு என்று 2022இல் செபெர்க் கண்டறிந்தார். ஆகவே ‘நல்ல மரபணு, கெட்ட மரபணு’ என்று யாராவது பேசினால், எந்த வைரஸுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

சிலருக்கு எச்ஐவி தொற்றவே தொற்றாதாமே? அந்த மரபணுவை எல்லோருக்கும் வைத்துவிட்டால் என்ன, சார்?

தம்பி, இதே யோசனை ஒருவரைச் சிறைக்கே அனுப்பியது.

எச்ஐவி செல்லுக்குள் நுழைய அதன் மேலுள்ள சிசிஆர்5 என்ற ஏற்பிப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதை உருவாக்கும் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போனால் ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வருவதில்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறையுள்ள பிரதியைப் பெற்றவர்களுக்குப் பெரும்பாலான எச்ஐவி வகைகள் தொற்றுவதில்லை. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் இவர்கள் சுமார் 1 சதவீதம். திமோதி ரே பிரவுன் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக இப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்கள் ஏற்றப்பட்டன. அவரை விட்டு எச்ஐவியும் போயிற்று. எச்ஐவியிலிருந்து குணமான முதல் மனிதர் அவர்தான்.

ஆனால் அதே 32 எழுத்து இல்லாதவர்களைக் கொசு பரப்பும் மேற்கு நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் 2018இல் கருவிலேயே சிசிஆர்5ஐத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக அறிவித்தபோது எங்களில் பலர் தலையில் கைவைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு மூன்றாண்டு சிறை கிடைத்தது.

ஓ வகை ரத்தக்காரர்களுக்குக் கோவிட் வராதாம், உண்மையா?

வரும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது. அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். செல்களின் மேல் ஒட்டியிருக்கும், ரத்த வகை சார்ந்த சர்க்கரைகள் உண்மையிலேயே கதவடைக்கும் இடம் வாந்தி பேதி தரும் நோரோவைரஸ். எஃப்யூடி2 மரபணு வேலை செய்யாதவர்களின் குடலில் அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரை இருப்பதில்லை. அதன் பல வகைகள் அவர்களை அண்டுவதே இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஐந்தில் ஒருவர் இப்படிப்பட்டவர்.

என் மகனுக்கு நான்கு வயதில் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டான். அவனுக்கு முத்தம் கொடுத்தது நான்தான். என்னால்தான் வந்ததா?

அம்மா, அந்த வைரஸ் உலகில் பாதிக்கு மேற்பட்டவர்களின் உடலில் உறங்கிக் கிடக்கிறது. உங்களிடமிருந்து வராவிட்டால் வேறு யாரிடமிருந்தாவது வந்திருக்கும். கோடானுகோடி குழந்தைகளுக்கு உதட்டில் ஒரு கொப்புளம், அல்லது அதுவும் இல்லாமல் போய்விடுகிறது. மிகச் சிலருக்கே மூளைக்கு ஏறுகிறது.

அந்தச் சிலரில் ஒரு பகுதியினரிடம், மேலே சொன்ன டிஎல்ஆர்3 மரபணுவில் பழுது இருப்பதை 2007இல் கண்டார்கள். சளி, அம்மை போன்ற மற்ற தொற்றுகளை அந்தக் குழந்தைகள் எல்லோரையும்போலச் சமாளிக்கிறார்கள். உடம்பின் பிற பகுதிகளுக்கு மாற்று வழிகள் உண்டு. மூளை செல்கள் மட்டும் இந்த வைரஸைத் தடுக்க அந்த ஒரு வழியை அதிகம் நம்பியிருக்கின்றன. அதே பழுதுள்ள தாயோ தந்தையோ எந்தக் குறையும் இல்லாமல் வாழ்வதும் உண்டு. இதில் உங்கள் தவறு என்று சொல்ல எதுவும் இல்லை. நோய் மீண்டும் வரக்கூடும் என்பதால், மரபணு ஆலோசகர் ஒருவரை ஒருமுறை பாருங்கள்.

டெங்கு இரண்டாம் முறை வந்தால் ஆபத்து என்கிறார்கள். அதுவும் மரபணுவா?

பெரும்பங்கு மரபணு அல்ல. டெங்குவில் நான்கு வகைகள். முதல் வகைக்கு உண்டான எதிர்ப்பொருள் வேறொரு வகையைக் கொல்லாமல், அதைச் செல்லுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போவதுண்டு. எம்ஐசிபி, பிஎல்சிஇ1 என்ற இரு மரபணுக்களுக்கும் டெங்கு அதிர்ச்சி நிலைக்கும் தொடர்பிருப்பதை வியட்நாம் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2011இல் காட்டியது. ஆனால் அவற்றின் பங்கு சிறியது.

வீட்டில் எல்லோரும் கோவிட்டில் படுத்தபோது எனக்குப் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்ததே தவிர ஒரு தும்மல்கூட இல்லை. மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

ஆர்வத்துக்காகச் செய்யலாம், அதனால் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது. வைரஸின் துணுக்குகளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் எச்எல்ஏ மரபணுவில், எச்எல்ஏ-பி 15:01 என்ற வகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் அறிகுறியே இல்லாமல் தப்பிக்கும் வாய்ப்பு எட்டு மடங்குக்கும் மேல் என்று 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. இந்த வகை இருந்து, கோவிட் வைரஸை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களின் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அதன் ஒரு துணுக்கை அடையாளம் கண்டுகொண்டன. முன்பு எப்போதோ வந்துபோன சாதாரணச் சளி வைரஸிலும் ஏறக்குறைய அதே துணுக்கு இருந்திருக்கிறது.