வலசைப் பறவைகளைக் காப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ஏற்கெனவே பறவைகள் சரணாலயங்களாக இருக்கின்றன. 2022-இல் அவற்றை ராம்சார் தளங்களாகவும் அறிவித்தார்கள். இந்தப் புதிய பட்டத்தால் பறவைகளுக்கு உண்மையில் என்ன பாதுகாப்பு கிடைக்கிறது? (வாசகி, மதுராந்தகம்)

பதில்: சரணாலய அறிவிப்பு என்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநில அரசு வெளியிடுவது. ராம்சார் என்பது 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கை. இந்தியா 1982-இல் அதில் சேர்ந்தது. ஒரு நீர்நிலையில் வழக்கமாக இருபதாயிரம் நீர்ப்பறவைகளுக்குக் குறையாமல் தங்கினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கு வந்து சேர்ந்தாலோ அது இந்தப் பட்டியலில் இடம்பெறத் தகுதி பெறும். வேறு சில அளவுகோல்களும் உண்டு. பட்டியலில் சேர்த்த பிறகு, அந்த நீர்நிலையின் இயல்பு கெடாமல் பார்த்துக்கொள்வதாகவும், கெடும் நிலை வந்தால் அதைத் தெரிவிப்பதாகவும் நாடு ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2002 முதல் கோடியக்கரை ஒன்றுதான் இப்பட்டியலில் இருந்தது. 2022 முதல் பள்ளிக்கரணை, கூந்தன்குளம், கழுவெளி, நஞ்சராயன் குளம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது எண்ணிக்கை 20 ஆயிற்று. இது மனமாரப் பாராட்ட வேண்டிய முயற்சி.

ஆனால் உங்கள் கேள்வி பட்டியலைப் பற்றியது அன்று, பாதுகாப்பைப் பற்றியது. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அங்குள்ள கடப்ப மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் அந்த ஏரி பிள்ளை பெற்று வளர்க்கும் வீடு மட்டுமே. இரைக்கு அவை சுற்றுவட்டார ஏரிகளையும் நெல் வயல்களையும் நம்பியிருக்கின்றன. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பொறுக்கி வந்துதான் கூட்டிலிருக்கும் குஞ்சுக்கு ஊட்ட வேண்டும். ஆகவே, ஏரிக்கு வேலி போட்டுவிட்டுச் சுற்றியுள்ள வயலையும் வாய்க்காலையும் கைவிட்டால், கூடு இருக்கும், குஞ்சுக்கு இரை இருக்காது.

இதை அந்த ஊர் மக்கள் எப்போதோ உணர்ந்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அதனால்தான் அங்கு வந்து பறவைகளைச் சுட்டவர்களைத் தடுக்கும்படி முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். 1858-இல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1998-இல் தமிழக அரசு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தபோது, இரை தேடும் நிலமும் காவலுக்குள் வந்தது. அந்த ஐந்து கிலோமீட்டரை மூன்றாகக் குறைக்க 2020-இல் ஒரு முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். என் பார்வையில், வேடந்தாங்கலுக்கு இதுவரை கிடைத்த பாதுகாப்புகளில் ராம்சார் பட்டத்தைவிட மதிப்புமிக்கது அந்த ஐந்து கிலோமீட்டர் எல்லை.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம் நாட்டு ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்காகக் கரை கட்டியவை. சரணாலயமாகவோ ராம்சார் தளமாகவோ ஆகாத ஆயிரக்கணக்கான ஏரிகளில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அவற்றுக்கு இந்த விதிகளால் பயனில்லை. அரசு அடுத்து கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைத் தூர்வார வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பறவைகள் கூடு கட்டும் ஏரி என்பதால் தூர்வாரக் கூடாது என்று சிலர் தடுக்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? (வாசகர், திண்டிவனம்)

பதில்: இரு பக்கமும் நியாயம் உண்டு. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஏரிகளில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் ஆகியவை ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை அல்ல. அவை இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே மழையையும் நீரையும் தேடி இடம் மாறுபவை. சைபீரியா, மத்திய ஆசியா, இமயத்துக்கு அப்பாலுள்ள பீடபூமி ஆகிய இடங்களிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, வரித்தலை வாத்து, உள்ளான், கருவால் மூக்கன் போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்து, தின்று கொழுத்து, மீண்டும் வடக்கே போய்த்தான் முட்டையிடுகின்றன.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் ஏரியை எப்படிப் பராமரிப்பது என்பது விளங்கும். கூடு கட்டுபவற்றுக்கு நீர் சூழ்ந்த மரங்கள் வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால்தான் நாயும் நரியும் பூனையும் மரத்தை நெருங்காது. வலசை வரும் உள்ளான்களுக்கோ மரம் வேண்டியதில்லை. கணுக்கால் நனையும் அளவுக்கு நீரும் அதன் ஓரத்தில் சேறும் வேண்டும். கொசு உள்ளானின் உடல் ஏறத்தாழ ஒரு சிட்டுக்குருவி அளவுதான். அது சேற்றில் அலகைக் குத்திக் குத்திப் புழுவையும் சிறு பூச்சியையும் எடுக்கும். நீர் ஒரு சாண் ஏறிவிட்டால் அதற்கு அந்த ஏரியில் வேலையில்லை. நீந்தும் வாத்துகளிலும் பல இனங்கள் மூழ்குவதில்லை. தலையை மட்டும் நீருக்குள் விட்டு, எட்டும் ஆழத்தில் உள்ள விதையையும் பாசியையும் மேய்கின்றன.

இயந்திரங்களைக் கொண்டு ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, நான்கு பக்கமும் செங்குத்தாகக் கரை எழுப்பி, நடுவே வட்டமாக ஒரு மண் மேடு வைத்து, அதில் மரக்கன்று நட்டு, கரைமேல் நடைபாதையும் மின்விளக்கும் போட்டுவிட்டால், பார்ப்பதற்கு அழகாக இருக்கும். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஏரி மேம்பாடு என்ற பெயரில் பல ஊர்களில் நடந்திருப்பது இதுதான் என்பதைப் பார்க்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது. நிதி ஒதுக்கிய அலுவலர்களுக்கும் நல்ல எண்ணமே இருந்திருக்கும். ஆனால் ஏரியைத் தண்ணீர்த் தொட்டியாகக் கருதி வரைந்த மதிப்பீட்டில் மேட்டுப்பக்கத்துச் சேற்றுக்கு இடமிருப்பதில்லை.

அதற்காகத் தூர்வாரவே கூடாது என்பதும் சரியில்லை. வண்டல் மண்டி ஏரி மேடாகிவிட்டால் தை மாதத்திலேயே வறண்டுவிடும். குஞ்சுகள் பறக்கக் கற்பதற்குள் நீர் வற்றினால் இரையும் போய்விடும், காவலும் போய்விடும். உழவருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை எந்தப் பறவை ஆர்வலரும் மறுக்க முடியாது. எனவே உங்கள் தீர்மானத்தில் இவற்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: மதகையும் உள்கரையையும் ஒட்டிய ஆழப்பகுதியில் மட்டும் வண்டல் எடுக்க வேண்டும். நீர் வந்து சேரும் மேல்பகுதியின் இயற்கையான சரிவைத் தொடக் கூடாது. கூடு உள்ள கருவேல மரங்களையும் கரையோரக் கோரை, சம்பு ஆகியவற்றையும் விட்டுவைக்க வேண்டும். கடைசிக் குஞ்சும் பறந்த பிறகு, கோடையில் வேலையைத் தொடங்கி வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும். ஏரி நீர்வளத் துறையிடமும் பறவை வனத் துறையிடமும் இருப்பதால், இரு துறையினரையும் ஒரே நாளில் ஏரிக்கரைக்கு அழைத்து, எதைத் தோண்டுவது எதை விடுவது என்று அந்த இடத்திலேயே அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஒப்புக்கொண்டதை இயந்திர ஓட்டுநர் அறியமாட்டார்.

கேள்வி: நாம் மட்டும் காத்தால் போதுமா? வழியில் வேறு நாட்டில் கொன்றுவிட்டால் என்ன செய்வது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: போதாது என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரே வேதனையான சான்று. அங்குள்ள கேவலாதேவ் பூங்கா தேசியப் பூங்காவாகி, 1985-இல் உலகப் பாரம்பரியத் தளமும் ஆயிற்று. இருந்தும் ஆண்டுதோறும் அங்கு வந்த சைபீரியக் கொக்குகள் குறைந்துகொண்டே போய், 2002-க்குப் பிறகு வரவேயில்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் நெடும்பாதையில் அவை வேட்டையாடப்பட்டது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இதற்காகத்தான் 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கை உருவாயிற்று; இந்தியா 1983 முதல் அதில் உறுப்பு நாடு. அதன் பதின்மூன்றாவது மாநாடு 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நடந்தது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் 30 நாடுகள் உள்ளன. அப்பாதைக்கென 2018 முதல் 2023 வரைக்கான தேசியச் செயல்திட்டம் ஒன்றை மத்திய அரசு வெளியிட்டது. ஆயினும் இத்தகைய உடன்படிக்கைகளில் மீறும் நாட்டைத் தண்டிக்க வழியில்லை. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் செய்து காட்டுவதுதான் எஞ்சுகிறது.

செய்து காட்ட முடியும் என்பதற்கு நாகாலாந்து சான்று. சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகும் அமுர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் வோக்கா மாவட்டத்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் இறங்கி, அப்போது புற்றிலிருந்து புறப்படும் ஈசல்களைத் தின்று வலிமை பெறுகின்றன. அடுத்து அவை அரபிக்கடலை நிற்காமல் கடக்க வேண்டும். 2012-இல் அங்கே மீன்வலைகளை உயரத்தில் கட்டி, ஒரே நாளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளைப் பிடித்துக் கொன்றதாக மதிப்பிட்ட செய்தி வெளியாகி நாட்டையே உலுக்கியது. அணையில் விளைநிலத்தை இழந்தவர்களுக்கு அது வருமானமாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வனத் துறையும் தன்னார்வ அமைப்புகளும் தேவாலயங்களும் கிராமத்தாரிடம் பேசின. பாங்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் தாமே தடை விதித்தன. மறு ஆண்டு வலை ஏறவில்லை. 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, பாங்டி, வோக்கா என்று பெயரிட்டு அனுப்பினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதலே இருந்தது. ஊரார் ஏற்றுக்கொண்ட ஆண்டில்தான் அது தோயாங்கில் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: எங்கள் பகுதியில் வலை வைத்துப் பறவை பிடித்து விற்கிறார்கள். கால்களில் வளையம் உள்ள பறவையும் ஒருமுறை சிக்கியது. என்ன செய்யலாம்? (வாசகி, வேதாரண்யம்)

பதில்: வனச்சரக அலுவலகத்தில் இடம், நேரம் குறித்து எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சட்டத்தில் வேட்டை என்பதன் பொருளில் வலையும் கண்ணியும் வைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது எல்லாமே அடங்கும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு இலட்சமாக உயர்த்தியிருக்கிறது.

வளையம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பூட்டியதாக இருக்கலாம். கோடியக்கரையில் அக்கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. உயிருள்ள பறவையிடமிருந்து அதைக் கழற்ற வேண்டாம். வளையத்திலுள்ள எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து, கண்ட இடமும் நாளும் சேர்த்துக் கழகத்துக்கோ வனத் துறைக்கோ அனுப்புங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தால் கையால் தொடாமல், கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தது ஒரு பாக்டீரியா நஞ்சால். இறந்த உடலில் நெளியும் புழுக்களைத் தின்ற பறவைகளுக்கு நஞ்சு பரவியதால், உடல்களை விரைந்து அகற்றிப் புதைப்பதே அங்கே முதல் சிகிச்சையாக இருந்தது.