இந்தோனேசியர்களின் வசை

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக ஜாவாவில் ஓராண்டு இருந்தேன். தெருவில் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய சமூக ஊடகங்களைத் திறந்தால் காது கூசுகிறது. மைக்ரோசாஃப்ட் 2020இல் எடுத்த இணைய நாகரிகக் கணிப்பில் இந்தோனேசியாவுக்குத் தென்கிழக்கு ஆசியாவிலேயே கடைசி இடம். அந்தப் பணிவெல்லாம் வேஷம்தானா? கடுமையான சட்டம் வந்தால் அடங்குமா?

க., கோவை

அன்புள்ள க.,

வேஷம் இல்லை. அந்தக் கணிப்பு வெளிவந்ததும் மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கே போய்த் திட்டினார்கள், உண்மைதான். அதை வைத்து ஒரு மக்களின் குணத்தை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இந்த வசையை வளர்த்தது தேர்தல் அரசியல்.

2014இல் ஜோக்கோவியும் பிரபோவோவும் மோதிய அதிபர் தேர்தலோடு நாடே இரண்டு அணியானது. ஜோக்கோவி வென்று அதிபரானார். ஆதரவாளர்களில் ஒரு தரப்பு மற்றதைத் தலைப்பிரட்டை என்றது, அது பதிலுக்கு வௌவால் என்றது. அப்புறம் ஜகார்த்தா ஆளுநர் ஆஹோக். சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். குர்ஆன் வசனம் ஒன்றைக் குறிப்பிட்டு அவர் பேசியதை, ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதி ஃபேஸ்புக்கில் பரப்பினார்கள். 2017இல் பதவியும் போனது, மதநிந்தனைக்கு இரண்டாண்டுச் சிறையும் கிடைத்தது. பணத்துக்குப் பதிவு போடும் 'பஸ்ஸர்'களுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 2019 தேர்தலிலும் தோற்ற பிரபோவோ அதே ஆண்டு ஜோக்கோவியின் பாதுகாப்பு அமைச்சரானார். தலைவர்களுக்காக ஐந்தாண்டு திட்டித் தீர்த்த சாமானியர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். இணையத்தில் அவதூறு, ஆபாசம் பரப்புவதைத் தண்டிக்கும் சட்டம் 2008லிருந்தே இருக்கிறது, கடுமையாகவே இருக்கிறது. அதில் சிக்கியது யார்? மருத்துவமனையில் தன்னைக் கவனித்த விதம் சரியில்லை என்று நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதிய ஒரு தாய், 2009இல் மூன்று வாரம் காவலில் இருந்தார். நீதிமன்றம் 20 கோடி ரூப்பியாவுக்கு மேல் நஷ்டஈடு கட்டச் சொன்னபோது, மக்கள் நாடு முழுக்கச் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். நீங்கள் கேட்கும் பணிவு, அன்பு எல்லாம் அங்கே இருந்தது. லோம்போக் தீவில் ஒரு பள்ளி ஊழியர், தலைமையாசிரியர் தன்னிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதைப் பதிவு செய்தார். தண்டனை பெற்றது அந்த ஊழியர்தான். 2019இல் அதிபரின் பொதுமன்னிப்பு வந்த பிறகே சிறைத் தண்டனையிலிருந்து தப்பினார்.

காசு கொடுத்துத் திட்டவைப்பவர்களைப் பிடிக்கும் சட்டம் என்றால் நானும் உங்களோடு நிற்பேன். இந்தச் சட்டத்தை இரண்டு முறை திருத்தியும் அவதூறுப் பிரிவு போகவில்லை. 2025 ஏப்ரலில்தான் அரசியல்சாசன நீதிமன்றம், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தாய் காவலுக்குப் போய் அப்போது ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.