காட்டோரக் குளம் ஏன் பச்சையாகிறது?

கேள்வி: வண்டலூர் காப்புக்காட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் சிறிய நீச்சல் குளம் உள்ளது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், எவ்வளவு குளோரின் போட்டாலும் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. தை பிறக்கும்வரை குளத்தைக் காலியாக வைத்துவிடலாமா?
– வாசகி, வண்டலூர்

பதில்: தயவுசெய்து காலி செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது, வெறுமையாகக் கிடக்கும் தொட்டியை அது அடியிலிருந்து நெம்பும். தரை விரிசல் விடலாம், தொட்டியே மேலே கிளம்பவும் கூடும். உள்ளே நிற்கும் நீரின் எடைதான் அதற்குக் காவல்.

பச்சையாவதற்குக் காரணம் இலைகள். தூங்குமூஞ்சி, வேம்பு போன்ற மரங்களின் இலைகள் அடியில் படிந்து அழுகும்போது, பாசியைக் கொல்ல வேண்டிய குளோரின் அந்த அழுகலிலேயே செலவாகிவிடுகிறது. இலையிலிருந்து கரையும் பாஸ்பேட் பாசிக்கு உரமாகிறது. போதாக்குறைக்கு, மழைநீர் கலந்து மருந்தின் வீரியமும் குறைகிறது. எனவே காட்டோர வீட்டுக்கு மருந்து டப்பாவைவிட வலைதான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். குளிக்காத நேரமெல்லாம் நெருக்கமான கண்ணுள்ள வலையைக் குளத்தின்மேல் இழுத்துக் கட்டுங்கள். அதையும் மீறி விழும் இலைகளை, அவை ஊறி மூழ்குவதற்குள், காலையிலேயே அரித்தெடுங்கள்.

ஏற்கெனவே பச்சையான நீரென்றால், இலைகளை முழுவதும் அகற்றி, சுவரை பிரஷால் தேய்த்து, பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையில் கொண்டுவந்த பிறகு, பொழுது சாய்ந்ததும் கூடுதல் குளோரின் இட்டு, இரவு முழுவதும் மோட்டாரை ஓடவிடுங்கள். மறுநாள் மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி அழுக்கை வெளியேற்றுங்கள். நீர் தெளிந்து, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) அளவுக்கு இறங்கிய பின்னரே குழந்தைகளை இறக்க வேண்டும். குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். அடுத்து வரும் அதன் பூ வலைக்கண்ணிலும் நுழைந்துவிடும் என்பதால், மிதக்கும் குப்பையை இழுத்துப் பிடிக்கும் ஸ்கிம்மர் பெட்டியின் கூடையை அடிக்கடி கவிழ்த்துக் கழுவுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் குளோரின் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும்; அதை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் குளோரின் தாங்கும். வெளியூர் செல்லும்போதும் மோட்டார் தினமும் ஓட ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வாரம் அசையாமல் நின்ற நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகிவிடும்.

தவளைகள் ஏறிப் பிழைக்க, ஓரத்தில் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தவளையைத் தேடிப் பாம்பும் வரும். ஸ்கிம்மர் பெட்டியின் இருட்டும் ஈரமும் அதற்குப் பிடித்த இடம். ஆகவே அந்த மூடியைக் கையால் திறக்காமல், நீண்ட கொக்கியால் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கூடையை எடுங்கள்.