பூனைக்கு விக்கல் வருதா? முதல்ல அது விக்கல்தானான்னு பாருங்க

கேள்வி: டாக்டர், நாங்க புது வண்ணாரப்பேட்டைல இருக்கோம். எங்க வீட்டு பூனை சோட்டுக்கு ஒன்றரை வயசு. தெனமும் மீன் ஆயும்போது வாசல்லயே வச்சு போடுவோம், தெரு பூனை ரெண்டும் கூட வந்து சாப்டும். சாப்ட உடனே சோட்டுக்கு விக்கல் வருது, ஒடம்பு தூக்கி தூக்கி போடுது, கொஞ்ச நேரத்துல நின்னுடுது. ஆனா இப்போ ஒரு மாசமா ராத்திரியிலயும் வருது, தரையோட குனிஞ்சு கழுத்த நீட்டிக்கிட்டு கக் கக்னு பண்ணுது, வாயிலேர்ந்து எதுவும் வர்றதில்ல. மாமியார் சர்க்கரை தண்ணி ஊத்துன்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டு அண்ணன் சளியா இருக்கும், பாரசிட்டமால் கால் மாத்திரை குடுங்கன்னு சொல்றாரு. என்ன பண்ணலாம்?

பதில்: சிஸ்டர், மொதல்ல அந்த கால் மாத்திரை விஷயத்த முடிச்சுடறேன், ஏன்னா இதுதான் அவசரம். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். மனுஷங்க ஈரல் அந்த மருந்த உடைச்சு வெளிய தள்ளிடும், பூனையோட ஈரல்ல அதுக்கு வேண்டிய என்சைம் ரொம்ப கம்மி, அதனால மருந்து ரத்தத்துலயே கெடந்து ரத்த சிவப்பணுவ கெடுத்துடும், ஆக்சிஜன் ஏத்திட்டுப் போக முடியாம ஈறு பிரவுன் கலரோ நீலமோ ஆகும், மூஞ்சியும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரைல கால் பங்கே ஆபத்துதான். இதப் படிக்கிறவங்க யாராவது ஏற்கனவே குடுத்திருந்தீங்கன்னா மீதிய அப்புறம் படிங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, விஷத்த முறிக்கிற மருந்து இருக்கு, ஆனா சில மணி நேரத்துக்குள்ள போட்டாதான் நல்லா வேலை செய்யும். ஐப்யூப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையும் அப்படித்தான், பூனை பக்கமே கொண்டு போகாதீங்க.

சரி, இப்ப விக்கல். நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், எனக்கு தோணுறது என்னன்னா நீங்க ரெண்டு வேற வேற விஷயத்துக்கு ஒரே பேரு வச்சிருக்கீங்க. சாப்ட உடனே வர்றது விக்கல்தான், அதுக்கு பயப்பட வேணாம். ராத்திரி குனிஞ்சு கழுத்த நீட்டிக்கிட்டு வர்றது விக்கல் மாதிரி எனக்கு தெரியல, அது இருமலா இருக்க வாய்ப்பு அதிகம், அதத்தான் சீரியஸா பாக்கணும். பூனை இருமும்னே நெறைய பேருக்கு தெரியாது, விக்கல், தொண்டைல முடி சிக்கிச்சு, வாந்தி எடுக்க பாக்குதுன்னு ஏதோ ஒண்ணு நெனச்சு மாசக்கணக்குல விட்டுடுறாங்க.

விக்கல் பூனைக்கும் நமக்கும் ஒரே மாதிரிதான் வருது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல டயாஃப்ரம்னு ஒரு தசை இருக்கு, மூச்சு இழுக்கும்போது அதுதான் கீழ எறங்கும். கழுத்துலேர்ந்து வர்ற ஒரு நரம்பு அத இயக்குது. அந்த நரம்போ தசையோ உறுத்தப்பட்டா டயாஃப்ரம் சட்டுனு சுருங்கும், காத்து உள்ள பாயும், அதே நேரத்துல குரல்வளை மூடிக்கும், அந்த மூடுற சத்தம்தான் விக்கல். ஆனா பூனைக்கு நம்மள மாதிரி பெருசா சத்தம் வராது, சின்னதா கிச்சுன்னு ஒரு சத்தம் வரும், சில பூனைக்கு அதுவும் வராது, விலாவும் தொண்டையும் மட்டும் ஒரே கணக்கா துள்ளும். வாய் மூடியிருக்கும், பூனை சாதாரணமா உக்காந்திருக்கும், மூஞ்ச நக்கும், நடக்கும், கூப்ட்டா திரும்பி பாக்கும். இப்படி இருந்தா அது விக்கல்.

சோட்டுக்கு ஏன் வருதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, தெரு பூனை ரெண்டோட போட்டி போட்டு திங்குது. பூனை கூட்டமா சாப்டுற மிருகம் இல்ல சிஸ்டர், தனியா வேட்டையாடி தனியா சாப்டுறது, ஒரு நாளைக்கு பத்து தடவ கூட கொஞ்சம் கொஞ்சமா தின்னும், அதோட வயிறு ரொம்ப சின்னது. பக்கத்துல இன்னொரு பூனை நின்னா எங்க புடுங்கிக்கிட்டு போயிடுமோன்னு மெல்லாமலே முழுங்கும், சாப்பாட்டோட காத்தும் உள்ள போகும், வயிறு உப்பி டயாஃப்ரத்த அழுத்தும், உடனே விக்கல் ஆரம்பிச்சுடும். அதனால மருந்து தேவையில்ல, சாப்பாடு போடுற விதத்த மாத்தினா போதும்.

சோட்டுக்கு உள்ள கதவ சாத்திட்டு போடுங்க, தெரு பூனைங்களுக்கு வெளிய தனித்தனி தட்டு, ஒண்ணுக்கொண்ணு தள்ளி. அதுங்களுக்கு போடுறத நிறுத்தணும்னு நான் சொல்லவே மாட்டேன். ஒரே நேரம் மொத்தமா போடுறத நாலு வேளையா பிரிங்க. குழியான கிண்ணம் வேணாம், அகலமான எவர்சில்வர் தட்டுல மெல்லிசா பரப்பி விடுங்க, நக்கி நக்கி திங்க நேரமாகும். ட்ரை ஃபுட் போட்டா தட்டு நடுவுல பூனை முழுங்க முடியாத பெரிய கூழாங்கல்லு ஒண்ண கழுவி வச்சுடுங்க, அத சுத்தி பொறுக்கித்தான் திங்கணும், அல்லது கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி தெளிச்சு ஊற வச்சு போடுங்க. சாப்ட ஒடனே வெளாட்டு காட்டாதீங்க, தூக்காதீங்க. தண்ணி கிண்ணத்த சாப்பாட்டுக்கு பக்கத்துல வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க, நெறைய பூனைங்க அப்பதான் நல்லா குடிக்குது.

மீன் பத்தியும் சொல்லணும், காசிமேடு மீன் துறைமுகம் பக்கத்துலயே இருக்கறதால நம்ம ஏரியா பூனைங்களுக்கு காரப்பொடியும் நெத்திலியும் தெனம் கெடைக்குது, எல்லாரும் பச்சையாவே போடுறாங்க. சில மீன்ல வைட்டமின் பி 1 ஐ அழிக்கிற என்சைம் இருக்கு, பச்சை மீனே தெனமும் தின்னா அந்த வைட்டமின் கொறஞ்சு நரம்பு பாதிக்கும், தலை தொங்கும், தள்ளாடும், வலிப்பு கூட வரும். வேக வச்சா அந்த என்சைம் போயிடும். உப்பு, மொளகா, மஞ்சள் எதுவும் போடாம வேக வச்சு, முள்ள எடுத்துட்டு போடுங்க, வெங்காயம் பூண்டு சேந்த கொழம்பு மீன் வேணவே வேணாம், அது ரெண்டும் பூனையோட ரத்த சிவப்பணுவ ஒடைக்கும். மீனும் சோறும் மட்டுமே முழு சாப்பாடு கெடையாது, கோழி, கோழி ஈரல் கொஞ்சமா, இல்ல பூனைக்குன்னு விக்கிற கம்ப்ளீட் ஃபுட் எதாவது கலந்து போகணும். நாய்க்கு விக்கிறது ஆகாது, பூனைக்கு வேண்டிய டாரின்ங்கற சத்து அதுல பத்தாது, டாரின் கொறஞ்சா கண்ணும் இதயமும் கெடும்.

சர்க்கரை தண்ணிக்கு வரேன். மாமியார் அக்கறையாத்தான் சொல்றாங்க, ஆனா பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, இனிப்ப உணர்ற ஜீன் அதுக்கு வேலை செய்யறதில்ல. வாய தொறந்து எத ஊத்தினாலும் அது நுரையீரலுக்கு போகும் ஆபத்து இருக்கு, விக்கல் வந்துகிட்டிருக்கும்போது ஊத்தினா இன்னும் ஆபத்து, அப்புறம் நிமோனியா வந்து நிக்கும். பயமுறுத்துறது, மூக்க பொத்துறது, முதுகுல தட்டுறது இதெல்லாமும் வேணாம். விக்கல் வந்தா சும்மா விட்டுடுங்க, அமைதியான எடத்துல இருக்க விடுங்க, தண்ணி எட்டுற தூரத்துல இருக்கட்டும், அதுவா குடிச்சா குடிக்கட்டும்.

குட்டி வளக்குறவங்களுக்கு இங்கயே ஒண்ணு சொல்லிடுறேன். குட்டிங்களுக்கு விக்கல் அடிக்கடி வரும், வளர வளர கொறஞ்சுடும். தாய் இல்லாத குட்டிக்கு புட்டில பால் குடுக்குறவங்க குழந்தைய மாதிரி மல்லாக்க படுக்க வச்சு குடுக்காதீங்க, தாய்கிட்ட குடிக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி வயிறு கீழ இருக்க தலை மட்டும் லேசா மேல இருக்கணும். மாட்டுப்பால் ஒத்துக்காது, பேதியாகும், பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் விக்குது அத வாங்குங்க. பூச்சி மருந்தும் விடாம குடுக்கணும், வயித்துல நாக்குப்பூச்சி இருக்குற குட்டி உப்பிக்கிட்டே இருக்கும், விக்கல், வாந்தி எல்லாம் சேந்தே வரும்.

இப்ப ராத்திரி விஷயம். பூனைக்கு ஆஸ்துமா உண்டு சிஸ்டர். அது வந்தா நீங்க எழுதின மாதிரியேதான் இருக்கும், முழங்கைய மடக்கி தரையோட தரையா பதுங்கி, கழுத்த முன்னாடி நீட்டி, கக் கக்னு வரிசையா இருமும், கடைசில ஏதோ முழுங்குற மாதிரி பண்ணிட்டு சாதாரணமா எழுந்து போயிடும், அதான் வாயிலேர்ந்து எதுவும் வரல. முடி உருண்டையா இருந்தா வயிறு பம்பு அடிக்கிற மாதிரி உள்ள போய் வெளிய வரும், வாய் தொறந்து ஓங்கரிக்கும், முடிவுல நீளமா ஈரமா ஒரு முடி சுருள் தரைல விழும். பெர்சியன் மாதிரி முடி நீளமான பூனைக்கு இது அதிகம், தெனம் சீவி விட்டா கொறையும்.

உங்க வீட்டுல ராத்திரி கொசுவத்தி கொளுத்துறீங்களா? சாயங்காலம் சாம்பிராணி போடுறீங்களா? வீட்டுல யாராவது சிகரெட் புடிக்கிறாங்களா? நம்ம பக்கம் வீடுங்க சின்னது, ஒரு ரூம்ல எல்லாரும் கதவ சாத்திட்டு படுக்குறோம், பூனை தரைல கொசுவத்திக்கு பக்கத்துலயே படுக்குது, அந்த புகை மொத்தமும் அதோட மூச்சுக்குழாய்க்குத்தான் போகுது. புகை, சென்ட், ரூம் ஸ்ப்ரே, தூசி பறக்குற பூனை மணல் எல்லாமே ஆஸ்துமாவ கிளப்பும். கொசுவத்திய நிறுத்திட்டு ஜன்னலுக்கு வலை அடிங்க, இல்ல கொசுவலை கட்டி படுங்க. தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் தடவவே கூடாது, பூனை நக்கி உள்ள போனா அதுவும் விஷம். புகைய நிறுத்தினாலே ராத்திரி இருமல் கொறைய வாய்ப்பிருக்கு, ஆனா கொறஞ்சிடுச்சுன்னு டாக்டர்கிட்ட காட்டாம விடாதீங்க. எக்ஸ்ரே எடுத்து பாப்பாங்க, நுரையீரல் புழுவோ இன்ஃபெக்‌ஷனோ இல்லன்னு பாத்துட்டு வீக்கம் கொறைக்கிற மருந்து ஆரம்பிப்பாங்க, மனுஷங்க மாதிரியே இன்ஹேலர் கூட இருக்கு, சின்ன மாஸ்க் வச்சு குடுக்கணும், பொறுமையா பழக்கினா பெரும்பாலான பூனைங்க ஒத்துக்குது.

வீட்டுலயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். சோட்டு நல்லா தூங்கும்போது நெஞ்சு மேல போய் கீழ வர்றத ஒண்ணுன்னு கணக்கு வச்சு போன்ல டைமர் போட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 30க்கு கீழ இருந்தா நல்லது. 30க்கு மேலேயே நாலஞ்சு தடவ பாத்தும் இருந்துச்சுன்னா உடனே கூட்டிட்டு போங்க. நாய் மாதிரி வாய தொறந்து மூச்சு விட்டாலோ, ஈறு நீலமா வெளுப்பா இருந்தாலோ அது எமர்ஜென்சி, நாளைக்கு பாக்கலாம்னு இருக்காதீங்க.

விக்கலோ ஓங்கரிப்போ நிக்காம இருந்து, கூடவே எச்சில் வடியுது, வாய காலால சொரண்டுது, சாப்ட மாட்டேங்குதுன்னா மீன் முள்ளோ நூலோ சிக்கியிருக்கான்னு சந்தேகப்படணும். நம்ம தெருவுல அறுந்து விழுற மாஞ்சா நூலு, வீட்டுல பூ கட்டுற நூலு, தையல் நூலு எல்லாம் பூனைக்கு வெளாட்டு சாமான். பூனை நாக்குல முள்ளு மாதிரி இருக்கறது எல்லாம் உள் பக்கமா வளஞ்சிருக்கும், நூலு அதுல மாட்டினா துப்ப முடியாது, முழுங்கித்தான் ஆகணும். ஒரு முனை நாக்கடியில சுத்திக்கிட்டு இன்னொரு முனை குடலுக்கு போனா, பாவாடை நாடாவ இழுத்தா துணி எப்படி சுருங்குது, அப்படி குடல் சுருங்கி அறுபட்டுடும். வாயிலயோ பின்பக்கமோ நூலு தொங்குச்சுன்னா தயவு செஞ்சு இழுக்காதீங்க, வெட்டவும் வேணாம், அப்படியே தூக்கிட்டு வாங்க. மாஞ்சா தடை பண்ணியும் மொட்ட மாடில இன்னும் விக்குறதும் விடுறதும் நடக்குது, அதுல கழுத்தறுந்து ஜனங்களே செத்திருக்காங்க, கெடக்குற நூல பாத்தா சுருட்டி குப்பைல போட்டுடுங்க.

மாடிலேர்ந்து விழுந்த பூனை, பைக்ல அடிபட்ட பூனை, வெளிய காயம் இல்லாம நல்லா இருக்குன்னு விட்டிருப்பீங்க. டயாஃப்ரம் உள்ள கிழிஞ்சிருந்தா வயித்து உறுப்புங்க நெஞ்சுக்குள்ள ஏறிடும், சில நேரம் மாசக்கணக்கு கழிச்சுதான் மூச்சு வாங்குறது தெரியும். சோட்டு எப்பவாவது விழுந்திருந்தா டாக்டர்கிட்ட அத மறக்காம சொல்லுங்க.

வெறும் விக்கல்னா சில நிமிஷத்துல, அதிகபட்சம் சில மணி நேரத்துல நின்னுடும். ஒரு நாளுக்கு மேல விட்டு விட்டு வந்துகிட்டே இருந்தாலோ, சாப்பாட்ட மாத்தியும் ஒவ்வொரு வேளையும் வந்தாலோ, எடை கொறைஞ்சாலோ காட்டணும். உங்க ஏரியாவுல எக்ஸ்ரே இல்லாத கிளினிக்கா இருந்தா வேப்பேரில இருக்குற கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போங்க, 1903ல ஆரம்பிச்ச காலேஜ், பூனைங்கள தெனமும் பாக்குறாங்க. ஆட்டோல பூனைய மடில வச்சுக்கிட்டு போகாதீங்க, ஹாரன் சத்தத்துல குதிச்சு ஓடிடும், மூச்சு கஷ்டம் இருக்குற பூனைக்கு பயமே ஆபத்து. மூடி உள்ள பிளாஸ்டிக் கூடைல, காத்து போற மாதிரி, அது படுக்குற துணிய போட்டு, மேல மெல்லிசு துண்டால மூடிக்கிட்டு போங்க.

போறதுக்கு முன்னாடி வீடியோ எடுத்துடுங்க, ஏன்னா ஆஸ்பத்திரி டேபிள் மேல எந்த பூனையும் இருமி காட்டாது, பயந்து ஒடுங்கி உக்காந்துடும், டாக்டருக்கு நீங்க வாயால சொல்றது மட்டும்தான் கெடைக்கும். ரெண்டு வீடியோ வேணும், சாப்ட அப்புறம் வர்றது ஒண்ணு, ராத்திரி வர்றது ஒண்ணு. லைட் போட்டு, பக்கவாட்டுல இருந்து, கழுத்தும் வயிறும் ஒண்ணா தெரியுற மாதிரி, டிவிய ஆஃப் பண்ணிட்டு எடுங்க, சத்தமும் கேக்கணும்.